இரண்டு கேன் கடல்

காலி கேன்தாம்பா, கால அது மேல தாராளமா வெச்சிக்கோ. வரும்போதுதான் வெயிட்டு. மாபலிபுரம் போறேன், கடல் தண்ணி மொண்டார. சிரிக்கிற பாரு. குளிக்க இல்லபா, என் பொண்ணுக்கு.

நதியான்னு பேரு. மாகறல்ல எங்க தெருவுலேயே மொத மொதல்ல டாக்டர் பட்டம் வாங்கனவ. ஊசி போடற டாக்டர் இல்ல, கெமிஸ்ட்ரி. காஞ்சிபுரத்தாண்ட ஒரு காலேஜுல லேப் வெச்சிகினு இருக்கறா. தண்ணில தகட்ட எறக்கி கரண்ட் உட்டா ஹைட்ரஜன் கேஸ் கொமிழு கொமிழா வரும். அத வெச்சி இந்த பஸ்ஸயே ஓட்டலாம். புளுகறனா? நா புளுகறவன்தான், ஆனா இது நெசம்.

சூட்சுமம் தகட்டு மேல பூசற பூச்சுல இருக்குது. கேட்டலிஸ்ட்டுன்றா. வெறும் உப்பு கரைச்ச தண்ணில அவளுது நல்லா நிக்குது, அத ஆரம்பத்துலயே பாத்துட்டா. கடல் அப்டி இல்லியாம். அதுல சுண்ணாம்பு, பாசி, என்னென்னமோ கலந்து கெடக்குது. தகட்டு மேல வெள்ளையா படிஞ்சி மூச்ச அடைச்சி, பூச்ச அரிச்சித் தின்னுடுமாம். மத்தவங்க பண்ணதெல்லாம் சீக்கிரமே பல்ல இளிச்சிடுச்சி. நதியாவுது மட்டும் ஆடில எறக்கனது, தை வந்தும் புதுசாட்டம் மின்னுது.

பெருமதான். இருக்காதா பின்ன.

அவளுக்குக் கடல் மேல ஆச வந்ததே என்னாலதான். சின்னதுல சோறு ஊட்டறப்ப கத சொல்லுவேன். கட்டுமரத்துல போனேன், சுறா என் துண்ட முழுங்கிடுச்சி, வாய்ல கைய உட்டுப் புடுங்கி, அலசி, மறுபடி தலைல கட்டிகினேன்னு. திமிங்கலத்து முதுகுல ஒக்காந்து பீடி பத்த வெச்சேன்னு. ஆவுன்னு வாயத் தொறந்துகினு கேக்கும், அந்த கேப்புல ஒரு வாய் சோறு உள்ள போயிடும்.

அதான், லேபுக்குத் தண்ணி வேணும்னப்போ காலேஜுல ஆள் அனுப்பறேன்னாங்க. வேணாம் சார், எங்கப்பாவுக்கு மீன்காரங்க எல்லாம் பழக்கம், அலைக்கு அந்தாண்ட போயி சுத்தமா மொண்டாருவாருன்னுட்டா. எல்லார் எதிர்க்கவும். நா மீசைய முறுக்கிகினு நின்னேன்.

நாளைக்கு கம்பெனிக்காரங்க வராங்கபா, தகட்டப் பாக்க. புடிச்சிட்டா தூத்துக்குடி பக்கம் கடலோரமா பெரிய தொட்டி கட்டி, இவ பேரயே வெக்கப் போறாங்களாம். சந்தோஷப்படணுமா இல்லியா? நேத்துலேந்து எனக்கு சோறு எறங்கல. அங்க நெசக் கடல் தண்ணிதான உள்ள வரும். நா போயி உப்பு கலக்க முடியுமா?

ஆமாபா. எப்பவும் வாலாஜாபாத்துலயே எறங்கிடுவேன். தெரிஞ்சவன் பம்புசெட்டுல ரொப்பி, கல்லுப்பு போட்டு ஆட்டுவேன். மீட்டர்ல உப்பு காட்டிச்சி, அப்பன் கொண்டாந்தது, அவ அதுக்கு மேல எதுக்கு சந்தேகப்படறா. சாயந்தரம் வேட்டிய நனச்சிகினு போயி நிப்பேன். இன்னிக்கு அல எப்டிப்பான்னு கேப்பா. அதுக்கும் ஒரு கத உடுவேன். இன்னிக்கிதான் வாலாஜாபாத்துல எறங்காம ஒக்காந்துகினு இருக்கறேன்.

வாயால சொல்லிடலாமேன்ற. வரலபா. ராத்திரி அவ எதிர்க்க போயி நின்னேன், சாப்டியாப்பான்னு கேட்டா, சாப்டேன்னு அதுக்கும் பொய். அதான் நெசத் தண்ணியக் கொண்டுபோயிக் குடுத்துடலாம்னு. இன்னிக்கே லேப் தொட்டில ஊத்துவா. தகடு வெள்ளையா பூத்துச்சின்னா, ஏன்பா ஒரே நாள்ல இப்டின்னு என்னத்தான் பாப்பா. அப்ப எப்டியும் வாயத் தொறந்துதான ஆவணும். கோழத்தனம்தான், எனக்கே தெரியுது.

நீயும் மாபலிபுரந்தான எறங்கற? பஸ்டாண்டுலேந்து கடல் எந்தப் பக்கம் தம்பி? இல்ல, கோயம்பேட்டுக்கு மூட்ட தூக்கப் போனதோட சரி, நா கடலப் பாத்ததே இல்ல. கிட்ட போனா கால இழுக்குமா?