நடைபாதையைத் தின்ற தோட்டங்கள்

கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி தலைமைப் பொறுப்பேற்று அமர்ந்திருக்கும் நம் குடியிருப்போர் சங்கத்தின் மதிப்புமிகு தலைவர் அவர்களே! என் பெயருக்கு முன்னால் இத்தனை பட்டங்களைச் சேர்த்து, ஒன்று விடாமல் வாசித்தும் காட்டிய செயலாளர் அவர்களே! புதர் மண்டிக் கிடந்த இந்த மேட்டில் முதல் கடைக்கால் தோண்டி, முதல் விளக்கேற்றி, இன்று முதல் வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, படிக்கவைத்து, விமானம் ஏற்றிவிட்டு, இப்போது பூச்செடிகளை வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் கைப்பேசியோடு தனிக்குடித்தனம் நடத்தும் இளைஞர்களே! உட்கார நாற்காலி போடப்படாமல் கதவோரம் நின்று கேட்கும் காவலாளித் தம்பிகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

எழில்மிகு வீட்டு முகப்புக்கான இந்த ஆண்டின் விருதை வழங்க என்னை அழைத்திருக்கிறார்கள். "டாக்டர், பூவைப் பத்தி ரெண்டு வார்த்தை அழகாப் பேசுங்க, போதும்" என்றார் செயலாளர். நான் எலும்பு மருத்துவர். பூவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் அவர் சொல்லைத் தட்டமாட்டேன். பூவைப் பற்றியே பேசுகிறேன். ஒரு பூவேலியைப் பற்றியும், அந்த வேலியோரம் முறிந்துபோன ஓர் இடுப்பெலும்பைப் பற்றியும் பேசுகிறேன்.

அன்புக்குரியவர்களே! நான் இந்தக் குடியிருப்புக்கு மருமகளாக வந்தபோது இங்கே வீடுகள் குறைவு, வெட்டவெளி அதிகம். ஆனால் சாலை போட்டவர்கள் சான்றோர்கள். இருபுறமும் நடைபாதை வைத்துத்தான் சாலை போட்டார்கள். இருவர் குடை விரித்துக்கொண்டு எதிரெதிரே வந்தாலும் குடையும் குடையும் இடிக்காது. மதில்களெல்லாம் இடுப்பளவு. மதிலுக்கு மேலே சர்க்கரை கைமாறும், சண்டை கைமாறும், சம்பந்தப் பேச்சும் கைமாறும். மாமியாருக்கும் எனக்கும் நடந்த வாக்குவாதத்தின் தீர்ப்பு எதிர்வீட்டு அத்தையின் வாசலில்தான் வழங்கப்படும். பெரும்பாலும் எனக்கு எதிராகத்தான் வழங்கப்பட்டது, அது வேறு கதை.

பிறகு செல்வம் வந்தது. வரட்டுமே! செல்வத்தோடு எனக்கு என்ன பகை? என் மருத்துவமனை ஒன்றும் அன்னசத்திரம் அல்ல. சிரிக்காதீர்கள், உங்களுக்கே தெரியும். செல்வம் வந்தது, கூடவே இரண்டாவது கார் வந்தது. கார் ஏறச் சாய்தளம் வந்தது. சாய்தளம் இறங்க இடம் வேண்டும் அல்லவா? அது நடைபாதையில் இறங்கியது. சாய்தளத்துக்குத் துணையாகத் தொட்டி வந்தது. தொட்டிக்குத் துணையாகக் கூழாங்கல் வந்தது. கூழாங்கல்லைக் காக்கக் கம்பி வந்தது. கம்பியை மறைக்க முள்செடி வந்தது. முள்செடியில் நாலு பூ பூத்தது. உடனே அதற்குப் பசுமை என்று பெயர் வைத்தோம்! ஊருக்குச் சொந்தமான பாதையை வளைத்துப் போட்டுவிட்டுப் பசுமை என்று பெயர் வைக்க எத்தனை துணிச்சல் வேண்டும்?

அதோடு விட்டோமா? விடவில்லை. யார் வீட்டு முகப்பு அழகு என்று போட்டி வைத்தோம். ஒருவர் ஓர் அடி வளைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றரை அடி வளைத்தார். நடுவர் குழு ஒன்று கிளம்பியது. எப்படிக் கிளம்பியது தெரியுமா? காரில் கிளம்பியது! வாசலுக்கு வாசல் காரை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஆகா, அருமை" என்று மதிப்பெண் போட்டுவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனது. ஐயா நடுவர்களே! ஒரே ஒரு தெருவை நீங்கள் நடந்து பார்த்திருந்தால், கால் வைக்க இடமில்லை என்பது அந்தக் காலுக்காவது தெரிந்திருக்குமே!

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று மாலை இந்த அரங்கத்துக்கு நடந்து வந்தவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள். என்ன, ஒருவர்கூட இல்லையா? அரங்கத்துக்கு நேர் எதிர்வீட்டு ஐயா அதோ உட்கார்ந்திருக்கிறார். ஐயா, நீங்களுமா? "காரை வெளிய எடுத்தாதான் பேட்டரி இறங்காம இருக்கும்" என்கிறார். நல்லது. நாம் நடக்க மாட்டோம். நடப்பதற்காகக் காரில் ஏறி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவோம். அங்கே ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி, சுவரைப் பார்த்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வேர்க்க விறுவிறுக்க நடப்போம். பிறகு முழங்கால் வலி என்று என்னிடம் வருவோம்.

ஆனால் இதே தெருக்களில் நாள்தோறும் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நம் வீடுகளைத் தேடி வருகிறார்களே, அவர்கள்தான். நம் வீட்டைக் கூட்டுகிறவர்கள். நம் பிள்ளையைத் தூக்குகிறவர்கள். நம் தகப்பனாரைக் குளிப்பாட்டுகிறவர்கள். நமக்குச் சோறு போடுகிறவர்கள்.

அவர்களில் ஒருவர் இந்தக் குடியிருப்பில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கும் அக்கா. உங்களில் பலருக்குத் தெரியும், பெரிய குரல்காரி, வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்கும். சென்ற மாதம், ஒரு வீட்டுச் சமையலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நட்டநடுப் பகல். வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பின்னால் ஒரு கார் வருகிறது. ஓட்டியவர் நம் ஜவுளிக்கடைக்காரர். அவரைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அடிபட்டவரைத் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தவர் அவர்தான். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"நான் மெதுவாத்தான் வந்தேன் டாக்டர். ஹாரன் அடிச்சேன். அந்தம்மா திரும்பிப் பாத்தாங்க, ஒதுங்கத்தான் பாத்தாங்க. ஒரு கால எடுத்து அந்தப் பக்கம் வெச்சாங்க. கம்பி குத்திருச்சோ முள்ளு குத்திருச்சோ, வெச்ச கால அப்படியே பின்னால இழுத்தாங்க. நேரா என் வண்டி முன்னால வந்து விழுந்துட்டாங்க."

கேட்டீர்களா? ஒதுங்கினார்! ஒதுங்கு ஒதுங்கு என்று வாழ்நாளெல்லாம் சொல்லப்பட்டு ஒதுங்கியே பழகியவர், அன்றும் ஒதுங்கினார். ஒதுங்கிய காலுக்கு ஓரடி நிலம் கொடுக்கவில்லை நம் அழகு! தொடையெலும்பு இடுப்பில் சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. உலோகம் வைத்துச் சேர்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு இன்னும் அந்தப் பாதத்தில் தைத்திருந்த முள்தான் தெரிகிறது. எலும்பைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் பிடுங்கினேன். எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அந்த வேலி எந்த வீட்டு வேலி? பெயர் சொல்லமாட்டேன். இந்த மேசைமேல் பட்டுத்துணி போர்த்தி வைத்திருக்கும் கேடயம் எந்த வீட்டுக்குப் போகவிருக்கிறதோ, அந்த வீட்டு வேலி.

ஏன் இந்தச் சலசலப்பு? இதற்கே சலசலத்தால் எப்படி? இன்னும் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு சங்கம் அவசரக் கூட்டம் போட்டது. செடியை எடுப்போம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். கூடிப் பேசி, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, அறிவார்ந்த நம் பெருமக்கள் ஒரு தீர்மானம் தயாரித்தார்கள். இன்று விருது வழங்கி முடிந்ததும் உங்கள் கைகளை உயர்த்தச் சொல்லி அதைத்தான் கேட்கப்போகிறார்கள். என்ன தீர்மானம்? இனிமேல் வீட்டுவேலைக்கு நடந்து வருகிறவர்கள் எல்லாரும், சாலைப் பணியாளர் போடுவதுபோல, பளபளக்கும் ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே நடக்கவேண்டுமாம்!

"இதுல என்ன தப்பு டாக்டர்? கண்ணுக்குத் தெரியணும்ல?" என்று என்னிடம் கேட்டார் செயலாளர். ஐயா, உச்சி வெயிலில் ஹாரன் அடிக்கும் தூரத்திலேயே தெரிந்தவரைத்தான் இடித்தோம். தெரியாமல் போனது அவர் அல்லவே, அவருக்கான பாதை அல்லவா! பாதையைப் பறித்தவன் வீட்டில் பூ பூக்கும், பறிகொடுத்தவள் சட்டை மாட்டிக்கொள்ள வேண்டுமா? எந்த நியாயத்தில் எழுதினீர்கள் இதை? நாளைக்கு உங்கள் மகள் விடுமுறைக்கு வந்து, காலாற நடக்க வெளியே இறங்கினால், அவளுக்கும் மாட்டுவீர்களா அந்த ஆரஞ்சுச் சட்டையை? மாட்டமாட்டீர்கள். அப்படியென்றால் அந்தச் சட்டை பாதுகாப்புக்காக இல்லை, ஐயா. இவர் நம்மவர் இல்லை என்று காட்டுவதற்காக!

தலைவர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். "நேரமாகிவிட்டது, விருதுக்கு வரவும்" என்று எழுதியிருக்கிறது. வருகிறேன் தலைவரே. விருதுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். வழியில் செடி நிறைய இருக்கிறது, சுற்றித்தான் வரவேண்டும்.

நேற்றுக் காலை அந்த அக்காவைப் பார்த்தேன். எழுந்து நிற்கிறார். நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வார்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் போகிறார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "வேலைக்குப் போகலாம்க்கா, அடுப்படியில நிக்கலாம். ஆனா தினமும் நடக்கணும். சமதரையில, வண்டி வராத இடத்துல, மெதுவா நடக்கணும்" என்றேன்.

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கேட்டார்: "பஸ்ஸ விட்டு இறங்கி வீடு வரைக்கும் எங்க டாக்டரம்மா நடக்கிறது?"

அங்கேயே நின்று நம் தெருவை மனதுக்குள் அளந்து பார்த்தேன். அந்தக் கோலை ஊன்றக் கை அகலம் இடம் வேண்டும், தோள் அகலம் இடம் வேண்டும். நம் தெருவில் அந்த இடம் இல்லை. இடமில்லை என்றால் அவரால் வரமுடியாது. வரமுடியாவிட்டால் மூன்று வீட்டு வேலையும் போகும். எலும்பை நான் சேர்த்துவிட்டேன். அந்தப் பெண்ணின் பிழைப்பை முறிக்கப்போவது யார்? இந்த அரங்கத்தில் உயரப்போகும் கைகள்தான்.

இதோ, விருதுக்குரிய வீட்டு அம்மாவே எழுந்து நிற்கிறார். எல்லாரும் அவரை ரோஜாம்மா என்றுதான் கூப்பிடுவோம். சொல்லுங்கம்மா, மைக் வேண்டாம், எனக்குக் கேட்கிறது. என்ன கேட்கிறார் தெரியுமா? "செடியெல்லாம் எடுத்துட்டா எனக்குப் பரிசு கிடையாதா டாக்டர்? புள்ளைங்க மாதிரி வளத்தேனே!"

யாரும் சிரிக்காதீர்கள். அது அவர் நெஞ்சிலிருந்து வந்த கேள்வி. அம்மா, அந்த அக்கா சமைக்கும் மூன்று வீட்டில் உங்கள் வீடும் ஒன்று. "அவங்க கைப்பக்குவம் இல்லாம வீட்டுல ஒருத்தரும் வயிறாரச் சாப்பிடல" என்று போன வாரம் என்னிடம் சொன்னதும் நீங்கள்தான். உங்கள் செடியை யாரும் கொல்லச் சொல்லவில்லை. உங்கள் மதிலுக்கு உள்ளே எத்தனை தோட்டம் வேண்டுமானாலும் போடுங்கள், நானே வந்து தண்ணீர் ஊற்றுகிறேன். வெளியே இருப்பது உங்கள் இடம் அல்ல அம்மா. என் இடமும் அல்ல. நடக்கிறவர்களின் இடம். அதை எடுத்தவர் நீங்கள் மட்டும் இல்லை. உங்களைக் கைதட்டி எடுக்கவைத்தது இந்தச் சங்கம். ஆகவே உங்கள்மேல் எனக்குக் கோபம் பாதி, கைதட்டியவர்கள்மேல் முழுசு!

தலைவரே, இந்தக் கேடயத்தை நான் இன்று யாருக்கும் தரப்போவதில்லை. பிடுங்கி ஓடவும் மாட்டேன், பயப்படாதீர்கள். பட்டுத்துணியோடு இங்கேயே இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் என்று அழைத்துவிட்டீர்கள். அந்த உரிமையில் விருதுக்குப் பதிலாக அவையை ஒன்று கேட்கிறேன். மேற்சட்டைத் தீர்மானத்தைக் கிழித்துப் போடுவோம். நம் வாசலுக்கு வெளியே நாம் போட்ட கம்பியை, கல்லை, தொட்டியை, முள்ளை, அந்த அக்கா வேலைக்குத் திரும்புவதற்குள் நாமே எடுப்போம். இதற்குச் சம்மதம் என்கிறவர்கள் கை உயர்த்துங்கள்.

ஜவுளிக்கடைக்காரர் கை முதலில் எழுகிறது. இரண்டு கையையும் தூக்குகிறார், ஒன்று போதும் ஐயா. முதல் வரிசைப் பெரியவர்கள், நன்றி, நன்றி. எதிர்வீட்டு ஐயா, நீங்களும். செயலாளர் அவர்கள் கை மட்டும் ஒலிபெருக்கி வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பரவாயில்லை, பிடுங்காமல் இருந்தால் போதும். ரோஜாம்மா... ரோஜாம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறார். அவசரமில்லை அம்மா. இத்தனை நாள் வளர்த்த செடி, கை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும். காத்திருக்கிறேன்.

ஆகா! பார்த்தீர்களா? பார்த்தீர்களா, உயர்ந்துவிட்டது! அழாதீர்கள் அம்மா. தலைவரே, தீர்மானம் நிறைவேறியது என்று அறிவியுங்கள். நீங்கள் அறிவிக்கும் வரை இந்த மைக்கை விடமாட்டேன். சொன்னீர்களா? எல்லாருக்கும் கேட்டதா? கேட்டது.

பூவைப் பற்றிப் பேச அழைத்து, முள்ளைப் பற்றிப் பேசியவளைப் பொறுத்துக்கொண்ட அவையோருக்கு என் நன்றி. மணியடிக்காமல் விட்ட தலைவருக்குத் தனி நன்றி. நாளை காலை வார்டுக்குப் போனதும், அந்த அக்காவின் கட்டிலருகே நின்று, "உங்க பாதையிலதான்க்கா நடக்கணும்" என்று சொல்லப்போகிறேன். என்னைப் பொய் பேசவைத்துவிடாதீர்கள். இந்தத் தெருக்களில் நடக்கப்போகும் ஒவ்வொரு காலுக்கும் என் வணக்கம்!