வலது ஜன்னலின் பதில்

மாலை ஆறரை மணி. ஜூலை மாதத்து வெயில் இன்னும் இறங்கவில்லை. பிளாட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் தார் முடிந்து சரளை தொடங்குகிறதே, அந்தச் சாலை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை... ஒரே ஒரு பழைய பிக்கப், தன் புழுதியைத் தானே இழுத்துக்கொண்டு தெற்கே போனது.

ஓட்டியவள் மார்லிஸ். நம் கிளேடனின் பெரியம்மா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், ஐம்பது வயது, எதற்கும் லேசில் பதறாதவள். அவள் கிளேடனிடம் சொன்னாள், கிளேடன் என்னிடம் சொன்னான். நடுவில் நான் எதையும் சேர்க்கவில்லை. சேர்த்துவிடக் கூடாதே என்றுதான் பயம்... விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள், பூச்சி மொய்க்கிறது. ம். போதும்.

பக்கத்தில் அவள் அப்பா. வெர்லின் ஹ்ருஷ்கா. தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் தூசியைத் தின்ற மனிதர். தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனை முழங்காலுக்கு நடுவே நின்ற ஆக்ஸிஜன் பாட்டிலில். ஸ்ஸ்... ஸ்ஸ்... இரண்டு குளிர்காலமாக அவர் வீட்டில் அந்தச் சத்தம் ஓய்ந்ததில்லை.

அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். விவசாயிகள் கடை வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தபிறகுதான் முதல்முறையாகக் கேட்டார். உலகச் சண்டைக் காலத்தில் அவர் பறந்தது போன்ற நாலு என்ஜின் குண்டுவீச்சு விமானம் ஒன்று ஊர் ஊராக வருகிறது, ஆசைப்படுகிறவர்களை ஏற்றி ஒரு சுற்று காட்டிவிட்டு இறக்குகிறது என்று அதில் போட்டிருந்தது.

"நான் ஒரு தடவை ஏறணும்மா," என்றார்.

டாக்டர் கூடாது என்றார். கிளேடனின் அம்மா போனிலேயே சண்டைக்கு வந்தாள். சும்மா தரையில் நின்று பார்த்துவிட்டு வருவோம் என்று மார்லிஸ் இரண்டு பேரிடமும் சொல்லி வைத்தாள். பொய்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

சிக்கல் பாட்டிலில் இருந்தது. பெட்ரோலும் சூடான எண்ணெயும் ஓடுகிற பழைய விமானத்துக்குள் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள். மூச்சுக் கோளாறு என்று தெரிந்தால் ஆளையே ஏற்றமாட்டார்கள். விமானத் திடலின் கேட்டுக்கு முன்னால், சோளக்கொல்லை ஓரமாக மார்லிஸ் வண்டியை நிறுத்தினாள்.

"குளிக்கும்போது கழட்டி வைக்கிறேன் இல்ல? அந்த மாதிரிதான்," என்றார் அவர்.

"குளிக்கிறப்போ நான் கதவுக்கு வெளியிலேயே நிக்கிறேன் அப்பா. அங்க எடையைப் பிரிச்சு உக்கார வைப்பாங்க. நீங்க பின்னாடி, நான் முன்னாடி. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சண்டைக் காலத்தில் செய்தது போலவே, விமானி ஹெட்போனில் ஒவ்வொரு இடமாகக் கூப்பிடுவாராம். மூக்கு, ரேடியோ, கூண்டு, வலது ஜன்னல், இடது ஜன்னல், வால். அந்தந்த இடத்து ஆள் 'ஓகே' சொல்ல வேண்டும். பழைய ஆட்களுக்காகவும் அவர்கள் குடும்பத்துக்காகவும் இன்னும் அந்த வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

"வலது ஜன்னல் ஓகேன்னா நான் ஓகே."

"ஒரு தடவை பதில் வரலேன்னாலும் அந்த நிமிஷமே இறக்கச் சொல்லிடுவேன்."

"சொல்லு."

அப்படித்தான் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகும் அவர் இறங்கவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடி, "ஆரினைப் பத்தி உங்கம்மா சொல்லியிருப்பா," என்றார்.

சொல்லியிருந்தாள். சாகக் கிடந்தபோது சொன்னாள். அதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தில் வெர்லினின் இடமே வலது ஜன்னல்தான். அவர் நின்ற இடத்துக்கு ஓரெட்டு முன்னால், விமானத்தின் வயிற்றுக்கு அடியில், இரும்பும் கண்ணாடியுமாக ஓர் உருண்டை தொங்கும். உள்ளே ஓர் ஆள் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடப்பான், கையில் துப்பாக்கி. அதுதான் கூண்டு. கூண்டுக்காரன் ஆரின். மினசோட்டாத் தச்சன் மகன். சீட்டாட்டத்தில் தோற்றால்கூடப் பாடுவானாம்.

அவ்வளவு உயரத்தில் காற்றை நம்பி மூச்சு விட முடியாது. ஆளுக்கு ஒரு முகமூடி, ஒரு ரப்பர் குழாய். மூச்சின் ஈரம் குளிரில் உறைந்து குழாயை ஐஸ் அடைத்துவிட்டால் வலிக்காது... மூச்சு முட்டாது... சுகமாகத் தூக்கம் வரும். தூங்கினவன் எழுந்திருக்கமாட்டான். அதனால்தான் அந்தக் கூப்பிடுதல். பதில் வராத இடத்துக்குப் பக்கத்து ஆள் ஓட வேண்டும்.

ஆரினின் மைக் குளிரில் அடிக்கடி செத்துப்போகும். அவன் கூண்டை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவான். வெர்லின் திரும்பிப் பார்த்து, 'கூண்டு ஓகே' என்று அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது. ஒரு நாள், பார்க்காமலே சொன்னார்.

"ஒரு தடவைதான் பார்க்கலைன்னு உங்கம்மாகிட்ட சொன்னேன்," என்றார் பிக்கப்பில். "அது பொய்ம்மா. போற வழி பூரா நான் திரும்பவே இல்ல. குளிரு. கழுத்தைத் திருப்பச் சோம்பல். விமானி கூப்பிடக் கூப்பிட, ஓகே ஓகேன்னு சொல்லிட்டே இருந்தேன்... அவன் எப்பவோ போயிட்டான்."

  அவரே குழாயைக் கழற்றி, பாட்டிலின் திருகை மூடினார். வண்டிக்குள் சட்டென்று அமைதி...

விமானம் புல்வெளியில் நின்றது. வெயிலில் காய்ந்த இரும்பு வாசனை, கருகின எண்ணெய், பக்கத்து வயலில் அறுத்துப் போட்ட குதிரைமசால் தீவனம். பயணிகளைக் கவனித்துக்கொண்டவர் கில் என்ற மனிதர், ஓய்வு பெற்ற தபால்காரர். யாருக்காவது மூச்சுக் கோளாறு, நெஞ்சு வலி உண்டா என்று பொதுவாகக் கேட்டார். வெர்லின் ஓடுபாதையைப் பார்த்தார். மார்லிஸ் தன் செருப்பைப் பார்த்தாள்.

வலது ஜன்னல் அவர் பழைய இடம் என்று கேள்விப்பட்டதும் கில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப நான் இடது பக்கம் சார். நம்ம ரெண்டு பேரும் முதுகோட முதுகு. பழைய காலம் மாதிரியே."

மார்லிஸுக்கு முன்னால், விமானிகளின் முதுகுக்குப் பின் இடம். அவளுக்கும் அப்பாவுக்கும் நடுவே குண்டுகள் தொங்கவிடும் அறை. அதைக் கடக்க ஒரு சாண் அகலத்தில் இரும்புச் சட்டம் மட்டும்தான். அவளுக்கோ முழங்கால் வலி. நல்ல நாளிலேயே அதில் நடக்க முடியாது; பறக்கிறபோது கேட்கவே வேண்டாம்.

என்ஜின்கள் ஒவ்வொன்றாக இருமின. கரும்புகை. பிறகு நான்கும் ஒன்றாகச் சேர்ந்து... அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கும். தரை நழுவியது. சோளக்கொல்லைகள் பாய் விரித்தது போலச் சமமாகின. அதிக உயரம் இல்லை. கீழே மாடுகளின் நிழல்கூடத் தெரிந்தது. அடுப்புக் காற்று போல உள்ளே வெக்கை. மார்லிஸின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஹெட்போனில் விமானி கூப்பிட்டார்.

மூக்கு... ஓகே. ரேடியோ... ஓகே.

"கூண்டு?"

கூண்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அதில் யாரையும் ஏற்றுவதில்லை. ஆனாலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவது அவர்கள் வைத்திருந்த மரியாதை. அந்த இடைவெளியில் அப்பாவின் இழுப்பு மூச்சு ஹெட்போனில் மார்லிஸுக்குக் கேட்டது. கர்ர்... கர்ர்...

"வலது ஜன்னல்?"

"வலது ஜன்னல்... ஓகே." கிழட்டுக் குரல். அவருடையதேதான். அவள் இறுக்கி மடக்கியிருந்த கைவிரல்களை விரித்தாள்.

ஆற்றுக்கு மேலே இரண்டாம் முறை.

"கூண்டு?"

ஒரு மூச்சு நேரம்... பிறகு, "கூண்டு ஓகே."

அப்பா. யோசித்துச் சொன்னது மாதிரி இல்லை. தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் சொல்வது மாதிரி, வாய் தானாகச் சொன்ன பதில். விமானி சிரித்தார். யாரோ பழைய ஆள் பழக்கதோஷத்தில் சொல்கிறார் என்று நினைத்திருப்பார். மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். குண்டு அறையின் இருட்டும் அந்த ஒற்றைச் சட்டமும்தான் தெரிந்தன.

"வலது ஜன்னல்?"

பதில் வரத் தாமதமானது. அவள் விமானியின் தோளைத் தட்டக் கையைக் கூடத் தூக்கிவிட்டாள்.

"வலது ஜன்னல் ஓகே."

தெளிவாக வந்தது. இழுப்பு இல்லை, கரகரப்பு இல்லை. இருபது வயதுப் பையனின் குரல் மாதிரி, வாக்கியத்தின் கடைசியில் ஒரு சின்ன ராகம்கூட இருந்தது.

கையை இறக்கிக்கொண்டாள். இதைத்தான் கிளேடனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்... அந்தக் குரல் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவின் நெஞ்சிலிருந்து அந்தப் பாரம் இறங்கிவிட்டது, குரல் இளசாகிவிட்டது, வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். கண் கலங்கியது. சிரித்தாள்.

விமானி பாதி திரும்பி, "காத்து நல்லா இருக்கு. பெரியவருக்காக இன்னொரு சுற்று போவோமா?" என்று கேட்டார்.

போகலாம் என்றாள் மார்லிஸ். அவள்தான் சொன்னாள்.

அந்தச் சுற்று முழுக்க விமானி கூப்பிட்டார். வலது ஜன்னல் ஓகே... வலது ஜன்னல் ஓகே... ஒரு முறைகூடத் தவறவில்லை.

சக்கரம் தரையில் பட்டு, என்ஜின்கள் அடங்கி, அவள் முன்பக்கத்து ஓட்டை வழியாக இறங்கி, பின்பக்கக் கதவுக்குச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோது கில் உள்ளே மண்டியிட்டிருந்தார். அப்பாவைத் தரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு நிமிர்ந்து, புறங்கையால் தன் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்பாவின் முகத்தில் வேதனை இல்லை. தூங்குகிற முகம்.

அவர் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும் என்று வந்த டாக்டர் சொன்னார். கணக்குப் போட்டால், அந்த இரண்டாவது கூப்பிடுதல் நேரம். அவருடைய மைக்கின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு தரையில் கிடந்தது. சரிந்து உட்காரும்போது இழுபட்டிருக்க வேண்டும்.  "எனக்கும் காதுல கேட்டுச்சும்மா. ஒவ்வொரு தடவையும் ஓகேன்னு கேட்டுச்சு. அதனால நான் திரும்பிப் பார்க்கல," என்றார் கில். முதுகோடு முதுகாக நின்றவர். கழுத்தைத் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும்.

அடக்கம் முடிந்து, மாதா கோயில் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பியும் கசகசா வைத்த கொலாச்சி பன்னும் சாப்பிட்டார்கள். பாட்டிலை வண்டியில் விட்டு ஏற்றியதை மார்லிஸ் தங்கையிடம் சொன்னாள். தங்கை அவளோடு பேச்சை விட்டாள். இன்றைக்கும் பேசுவதில்லை. அதைக்கூட மார்லிஸ் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறு. அந்தக் குரல் ஆரினுடையது என்றால், அது பழி தீர்த்ததா, இல்லை, பழைய நண்பனுக்குச் செய்த உபகாரமா? இனி யாரும் இவனை எழுப்ப வேண்டாம், நிம்மதியாகத் தூங்கட்டும் என்று சொன்ன பதிலா? பேருந்தில் பிள்ளைகள் இறங்கியதும் காலி இருக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசிப்பாளாம். பிடிபடவில்லை.

இலையுதிர் காலத்தில் கில் அவள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. வாசலில் நின்றபடியே தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது என்றார். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் தன்னால் தூங்க முடியவில்லை.

"அன்னிக்கு நான் ஊதினப்போ காத்து உள்ள போகலம்மா. நாக்கு மடிஞ்சிருக்கும்னு நினைச்சு விரலை விட்டேன்..."

கில் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"வாய் நிறைய ஐஸ். அந்த வெயில்ல... நான் உடைச்சு உடைச்சுத்தான் எடுத்தேன்."