ஐந்தாவது குழியில் நான் எழுதிய எண்

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் நூர் பாஷா அவர்களே, துணைவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் அம்மா தீர்த்தம்மாள் அவர்களே, நல்லம்பள்ளி கோல்ஃப் சங்கத்து நண்பர்களே! எனக்கு மேடைப் பேச்சு வராது. தாளில் எழுதி வந்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சர்வேயர் வெங்கடாசலம் அவர்கள் நமக்கு யார்? வெறும் கல்லுக்காட்டைச் சங்கிலி பிடித்து அளந்து, ஒன்பது குழி வெட்டியவர் அல்லவா! புல் வளராத மண்ணில் குழியைச் சுற்றி மணல் பரப்பி, தினமும் காலையில் சாக்கை இழுத்துச் சமன் செய்தவர் அல்லவா! "கோல்ஃப்னா பணக்காரங்க மட்டுந்தான் ஆடணுமுங்களா சார்? ஆட்டுப் புழுக்கைக்கு நடுவுல நான் ஆடிக் காட்டறேன் பாருங்க" என்று சிரித்தவர் அல்லவா!

பள்ளி வாத்தியாரான நான் இச்சங்கத்தின் ஹேண்டிகேப் பதிவாளர். சுமாராக ஆடுகிறவருக்கு மொத்த அடிகளில் எத்தனை கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கிட்டுச் சொல்பவன். வெங்கடாசலம் அவர்களுக்கு இருபத்து நான்கு. மூன்று முறை சரிபார்த்து நான் கொடுத்த எண் அது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த மார்கழிக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். அன்று நானும் அவரும், இங்கே அமர்ந்திருக்கும் மாதப்பன் அவர்களும் ஒன்றாக ஆடினோம். அவருடைய அட்டையில் அடிகளை எழுத வேண்டியவன் நான். ஐந்தாவது குழியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. "எத்தனைங்க?" என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து பதில் வந்தது: "எட்டு!"

அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆட்ட மும்முரத்தில் "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்றுதான் எண்ணுவார். அதனால் அவர் "ஏடு" என்றதாக நான் எடுத்துக்கொண்டேன். தெலுங்கில் ஏடு என்றால் ஏழு. ஏழு என்று எழுதினேன். அன்று எனக்காகத் தமிழில் சொன்னார் என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

அவர் என்னை நம்பி, பார்க்காமல் கையெழுத்திட்டார். ஓர் அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்குக் கிடைத்தது. ஐந்தாவது குழியருகே நின்று பார்த்திருந்த மாதப்பன் பரிசளிப்புக் கூட்டத்தில் எழுந்தார். "ஏனுங்க சர்வேயரே, எட்டு அடிச்சுட்டு ஏழுன்னு போட்டா கோப்பை வூட்டுக்கு வந்துடுமுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அவர் அட்டையைப் பார்த்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை, நண்பர்களே!

"கையெழுத்து என்னுதுங்க. தப்பும் என்னுதுதான்" என்று சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். எண்ணிக்கையில் பொய் சொன்னவர் திறமையையும் மறைத்திருப்பார் என்று குழு முடிவு செய்தது. இருபத்து நான்கை அடித்துப் பதினாறு என்று எழுதியதும் இதே கைதான். கழிவு எட்டு அடி குறைந்ததால், அதன்பின் அவர் எந்தப் போட்டியிலும் தேறவில்லை. "ஏழரை வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று நம்மில் எத்தனை பேர் கேலி செய்தோம்?

அன்றிலிருந்து அவர் எண்ணைக் கத்திச் சொன்னதே இல்லை. பனியிலிருந்து சத்தமில்லாமல் என் பக்கம் வந்து நிற்பார். முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டுவார். நான் எழுதி முடிக்கும்வரை விரல்களை மடக்க மாட்டார். அவரை அடக்கம் செய்து இன்றோடு பதினோரு நாள். தினமும் காலையில் கதவைத் திறந்தால் அந்த விரல்கள் என் முகத்துக்கு நேரே நிற்கின்றன. எண்ண முயல்கிறேன். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

முந்தாநாள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போனேன். அவர் அழவில்லை. "அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டாருங்க. வாத்தியாரு பயந்த சுபாவம், அவராச் சொல்லட்டும்னாரு. மூணு வருசமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் 'இன்னிக்கும் சொல்லலை'ம்பாரு" என்றார்.

இதைக் கேட்டபின் நான் எப்படித் தூங்குவேன்?

தலைவர் அவர்களே, பதிவாளர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். மணலைச் சமன் செய்யும் அவருடைய வேலையை மட்டும் என்னிடம் கொடுங்கள். என் கால் நடக்கும்வரை செய்வேன். இது உறுதி!

இன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டும் தாளை இங்கேயே வாசிக்கிறேன்: "மார்கழிக் கோப்பையில் தவறாக எழுதியவன் பதிவாளர் பச்சியப்பனாகிய நான். வெங்கடாசலம் அவர்கள் பொய் சொல்லவில்லை. அவருடைய ஹேண்டிகேப் இருபத்து நான்கு."

நான் கையெழுத்திட்டுவிட்டேன். இதற்குச் சாட்சி வேண்டும். மாதப்பன் அவர்களே, மேடைக்கு வாருங்கள். என்னை நம்பி அவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்; நீங்கள் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.