சொல்லின் கடைசியில் ஒரு கீறல்

ஒரு கார்ட்டூன் தொடரின் முழு சீசனையும் பார்த்து முடிக்க முதலில் வேண்டியது நல்ல நாற்காலி. கதை நம் முதுகைத் தாங்காது. ‘கோணல் வீடு’ தொடரின் இருபத்து மூன்றாம் சீசனை நான் புது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி நன்றாக இருக்கிறது.

தொடரும் மோசமில்லை. இதுவரை பார்க்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் அப்பா, வாயைத் திறந்தால் புளுகு. ஓர் அம்மா, பேருந்து ஓட்டுகிறாள். இரட்டைப் பிள்ளைகள், இத்தனை வருடமாக இரண்டாம் வகுப்பு. அவர்கள் ஃபெயில் ஆகவில்லை. பெரியவர்களாக வரைய யாருக்கும் மனம் வரவில்லை. அப்புறம் ஓர் ஆமை. இந்த சீசனில் பேருந்து ரிவர்ஸிலேயே ஊரைச் சுற்றிவரும் பகுதி அருமை. ஆமை காணாமல் போகும் பகுதியை இரண்டு நிமிடத்தில் முடித்திருக்கலாம். ஆமைதானே என்று இழுத்துவிட்டார்கள்.

அப்பாவின் குரலைப் பற்றி எழுதுவதில்தான் ஒரு சின்னச் சங்கடம். இந்த சீசனில் அந்தக் குரல் என்னுடையது.

‘கடைசி வரிசை’ என்ற பெயரில் இந்தப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் யார் என்பது ஆசிரியர் ஒருவருக்குத்தான் தெரியும். தன் குரலுக்குத் தானே மதிப்பெண் போடுவது முறையில்லை. ஆகவே அது என் வாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

முந்தைய இருபத்திரண்டு சீசன்களிலும் அப்பாவாகப் பேசியவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். தண்ணீர் வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணம் ஆகவில்லை. பெண் வீட்டாரிடம் காக்கா கதையைச் சொன்னதில் வந்த வினை.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நான் ஒரு காக்கா வளர்த்தேன். தினமும் வாசலிலிருந்து பேப்பரைக் கொத்திக்கொண்டு வரும். போகப் போகப் படிக்கக் கற்றுக்கொண்டது. என் மேல் பிரியம் முற்றி, கெட்ட செய்தி உள்ள பக்கங்களை வழியிலேயே கிழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுவரும். ஒரு வருடம் உலகம் உருப்பட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஜவுளி விளம்பரம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

நீங்கள் இதைக் கோணல் வீட்டு அப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் சாப்பாட்டு மேசையில் சொன்னதை மாப்பிள்ளை ஒலிப்பதிவு அறையில் போய்ச் சொன்னார். படம் வரைகிறவர்கள் காக்காவுக்கு மூக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். அதோடு அது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அவர் திருடியதாக நான் சொல்லவில்லை. திருடன் ஒளித்துவைப்பான். இவர் வீட்டுக்கு வந்து சந்தோஷமாக ஒப்பிப்பார். வேலை கிடைத்த அன்றே சொன்னார். அதற்கு முன்பு ஒரு துணிக்கடையில் தள்ளுபடி விலையை மைக்கில் கூவிக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுமே பண்ணல மச்சான். நீங்க பொய் சொல்லும்போது ஒரு இழுப்பு இழுப்பீங்களே, அதை அப்படியே இழுத்தேன். போதும் போதும், நீதான் அப்பான்னுட்டாங்க!”

தங்கை கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் குரல் நல்ல சம்பளத்துக்கு வேலைக்குப் போய்விட்டது. நான் மட்டும் தண்ணீர் வாரியத்திலேயே இருந்தேன்.

சில வருடம் கழித்து, அலுவலக கேன்டீனில் ஒருநாள் காக்கா கதையை எடுத்தேன். பாதியிலேயே எதிரே இருந்தவர் கையமர்த்தினார்.

“பெரியவரே, இது டிவில வந்தாச்சு. அவரு சொன்னாத்தான் சிரிப்பு வருது. நீங்க அவரை மாதிரியே இழுக்குறீங்க, ஆனா வரல.”

அதற்குப் பிறகு எந்த மேசையிலும் நான் முழுக்கதை சொன்னதில்லை. வாயைத் திறந்தால் நகல், மூடிக்கொண்டால் மரியாதை. இந்தப் பத்தியை எழுத ஆரம்பித்தது அந்த வருடம்தான்.

அன்றிலிருந்து இருபத்தோராம் சீசன் வரை திட்டியே எழுதினேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற குரல் என்று ஒருமுறை எழுதினேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். தொடர் வளர்ந்தது. மாப்பிள்ளை புதுக் கார் வாங்கினார். நான் எழுதியதில் அசைந்தது எதுவுமில்லை, பத்திரிகைக்கு அச்சுக் கூலிதான் தண்டம்.

இருபத்திரண்டாம் சீசனின் முதல் பகுதியைப் பார்க்கும்போது அதைக் கேட்டேன். அப்பா ஒரு பொய் சொல்லி முடிக்கிறார். சொல்லின் கடைசியில் ஒரு கீறல். மெல்லிய காகிதத்தை நகத்தால் கிழிப்பதுபோல. அடுத்த பகுதியில் சிரிக்கிறார். சிரிப்பு முடியும் இடத்தில் சத்தம் இல்லை, காற்று மட்டும். சளி என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அந்தச் சத்தம் பழக்கமானது.

எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது நான் பள்ளி இறுதியில் இருந்தேன். தங்கை தொட்டிலில் கிடந்தாள். முதலில் கீறல், பிறகு காற்று, பிறகு கழுத்தில் கட்டி, கடைசி மாதங்களில் உதடு மட்டும். அவர் பக்கத்தில் இருந்து உதட்டைப் படித்துச் சொன்னவன் நான். அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா காய்ச்சலில் போனார் என்றே தங்கையிடம் சொல்லி வளர்த்தோம். ஆகவே அந்த வீட்டில் அந்தக் கீறல் என்னவென்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

தங்கையே வந்து கேட்டாள்.

“அண்ணா, அவர் குரல் கட்டின மாதிரியே இருக்கே, கவனிச்சியா? வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வரமாட்டேன்னு அடம் பிடிப்பாரு. நீதான் தள்ளிக்கிட்டுப் போகணும்.”

“பார்க்கலாம்” என்றேன். மாடிக்குப் போய் அந்த வார விமர்சனத்தை எழுதினேன்.

என் எழுத்தில் ஆகச் சிறந்தது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ‘இந்த சீசனில் அப்பாவின் குரலுக்கு உயிர் வந்திருக்கிறது. சொல்லின் கடைசியில் ஒரு கீறல் விழுகிறது. வாழ்நாளெல்லாம் பொய் சொல்லித் தேய்ந்த தொண்டை அது. வரைந்த முகத்துக்கு வயதாகாது. இந்தக் குரல் அதற்கு வயதைத் தந்திருக்கிறது. யாரும் தயவுசெய்து அந்தக் கீறலைத் துடைத்துவிட வேண்டாம்.’ ஒரு வரிகூடப் பொய்யில்லை. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பத்திரிகை வந்த அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை அதைக் கண்ணாடி டம்ளரில் சாய்த்துவைத்துக்கொண்டு படித்தார். அந்தக் கீறலை வேண்டுமென்றே கூட்டி, ஒவ்வொரு வரியாக.

“மச்சான், இந்தக் கடைசி வரிசைக்காரன் திருந்திட்டானா, இல்ல ஆளே மாறிட்டானா? என்னைத் தகர டப்பான்னு எழுதின ஆளு!”

“பாராட்டெல்லாம் இருக்கட்டும். வியாழக்கிழமை ஞாபகம் இருக்கா?” என்றாள் தங்கை.

“எதுக்குடி? வந்த லட்சுமியைத் துரத்தவா? டைரக்டர் காலையிலேயே போன் பண்ணிட்டாரு. ‘தலைவரே, வெந்நீர்கூடக் குடிக்காதீங்க, இந்தக் கரகரப்பு அப்படியே வேணும்’ங்கறாரு. மிச்ச பகுதி எல்லாம் இந்தக் குரல்லதான்.”

“அண்ணா, நீயாவது சொல்லேன்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மேசையில் ரொம்ப வருடத்துக்குப் பிறகு என் வாயை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தொழில் தெரிஞ்சவரு. அவருக்குத் தெரியாததா?” என்றேன். “சீசன் முடியட்டுமே. தொண்டை எங்க ஓடிப்போகுது?”

மாப்பிள்ளை என் முதுகில் தட்டினார். “இதான் மச்சான்! இந்த வீட்ல என் தொழிலைப் புரிஞ்ச ஒரே ஆளு.”

அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். இன்னும் அங்கேதான் தொங்குகிறது. திட்டித் திட்டி அசைக்க முடியாத மனிதர், ஒரே ஒரு பாராட்டில் விழுந்தார். விமர்சகர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீசன் முடிந்தபோது அவருக்குத் தண்ணீர் விழுங்க முடியவில்லை. பெரிய டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “முதல் கரகரப்புலயே வந்திருந்தா கதிர் சிகிச்சையோட போயிருக்கும். குரலும் தங்கியிருக்கும்” என்றார். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் தட்டிக்கொடுத்தேன். குரல்வளையை எடுத்தார்கள். நோய் அதற்குள் வேறு இடங்களுக்கும் போயிருந்தது.

அதன்பிறகு அவர் பேச்சு உதட்டசைவு மட்டும்தான். எழுதிக் காட்டலாமென்றால் கை நடுக்கத்தில் பேனா நிற்கவில்லை. தங்கை திணறினாள், எனக்குப் பழைய வித்தை கைவசம் இருந்தது. தலையணை என்பார், வைப்பேன். ஜன்னல் என்பார், திறப்பேன். நர்ஸுக்கு ஆச்சரியம்.

“வீட்டம்மாவுக்கே பாதிதான் புரியுது. உங்களுக்கு எப்படி சார் அப்படியே புரியுது?”

யாராவது ஆச்சரியப்பட்டால் என் வாய் நிற்காது. தங்கை அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் அப்பா, கீறல், காற்று, கட்டி, உதடு. பாதியில் நிறுத்தாமல் ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. சுவாரசியத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். கட்டிலில் இருந்தவருக்குப் போனது குரல்தான், காது இல்லை. நான் சொன்ன கதைகளிலேயே ஒரு துளி சேர்க்காமல் சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் அவர் நம்பினார்.

வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு டைரக்டர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கை காபியோடு கதவருகே நின்றாள்.

“தலைவரே, தொடரை நிறுத்திடலாம்னாலும் சரி. நடத்தணும்னா, உங்க இடத்துல யாரைப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாக உதட்டை அசைத்தார்.

‘உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.’

“என்ன சொல்றாரு?” என்றார் டைரக்டர்.

“‘மச்சானையே போடுங்க’ங்கறாரு” என்றேன்.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தபடியே இருந்தார். இல்லையென்று தலையாட்டியிருக்கலாம், கழுத்து அசையத்தான் செய்தது. ஆட்டவில்லை. ஆகவே அவருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என் பக்கம் உதட்டை அசைக்கவே இல்லை. என் முதல் ஒலிப்பதிவுக்கு முன்பே போய்விட்டார்.

அவர் தெரிந்துகொண்டு போனது பாதி. மறு பாதி இது: எனக்கு முதல் பகுதியிலேயே தெரியும். ‘டாக்டரிடம் போங்கள்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும் என்பதும் தெரியும். அவர் போகாமல் இருப்பதற்காகத்தான் அந்த விமர்சனத்தை எழுதினேன். இந்தக் கையால் விஷம் வைக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை. நல்ல தமிழில் ஒரு பாராட்டு எழுதினேன், அவ்வளவுதான்.

இதை இப்போது சொல்வது மன்னிப்புக் கேட்க அல்ல. இந்த சீசன் வந்த பிறகு மற்றப் பத்திரிகைகளைப் பார்த்தேன். ‘புதியவர் பழையவரைப் போலவே இழுத்துப் பேசப் பார்க்கிறார், சரக்கு இல்லை’ என்கிறது ஒன்று. ‘அசலின் மங்கிய நகல்’ என்கிறது இன்னொன்று. பேருந்தில் ஓர் அம்மா தன் மகனிடம், “அந்தப் பழைய அப்பா செத்துட்டாருடா, இது யாரோ மிமிக்ரிக்காரன்” என்றார். இது தகவல் பிழை. யார் அசல், யார் நகல் என்பது பதிவாக வேண்டும். பத்தி எழுதுகிறவனுக்கு அந்தக் கடமை உண்டு.

இனி தங்கையைப் பற்றி. அவள் எல்லாப் பகுதிகளையும் பார்த்தாள், ஆனால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. அப்பா பேசும்போது மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று அந்த வாயையே பார்ப்பாள். போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, டைரக்டர் வந்தன்னிக்கு அவர் சொன்னாரே, அதை இன்னொரு தடவை சொல்லு. சத்தம் வேணாம். வாயை மட்டும் அசை.”

மச்சானையே போடுங்க என்று வாயசைத்துக் காட்டினேன்.

“இன்னொரு தடவை.”

காட்டினேன்.

“மச்சானுக்கு ஒரு தடவை உதடு ஒட்டுது. போடுங்கவுக்கு ஒரு தடவை ஒட்டுது” என்றாள். “நான் கதவுகிட்டதான் நின்னேன். அவருக்கு உதடு ஒட்டவே இல்லண்ணா.”

நோயாளிக்கு உதடு சரியாக ஒட்டாது, மருந்துச் சூட்டில் வறண்டிருக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் ஒரு வார்த்தையாவது திட்டியிருப்பாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.