இரண்டாவது அசைவு

செயற்கைத் தசை என்றதும் எல்லோரும் இரும்புக் கையை நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது பாலாடை மாதிரி இருக்கும். எடுத்தால் விரலில் தொங்கும். ஊதா ஒளி பட்டால் சுருங்கும், பச்சை ஒளி பட்டால் பழையபடி நீளும். மோட்டார் கிடையாது, சத்தமும் கிடையாது. பதினாறு வருடமாக ஆய்வகத்தில் இந்தப் பாலிமர் பட்டைகளைத்தான் வார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா. என் தம்பி குளியலறையில் விழுந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. உயிர் பிழைத்தான்; பேச்சும் உடம்பும் போய்விட்டன. வலது ஆள்காட்டி விரலில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பு மிச்சம் இருந்தது. அந்த விரலின் மேல் என் பட்டையை ஒட்டினேன். அவன் விரலைத் தூக்க நினைத்தால், முன்கையில் கட்டிய கருவி அதை உணர்ந்து சின்ன விளக்கை எரியவிடும். பட்டை சுருங்கும், விரல் எழும். ஒரு தரம் எழுந்தால் ஆமாம். இரண்டு தரம் எழுந்தால் இல்லை.

"அம்மாவைத் தெரியுதாடா கண்ணு?" என்றாள் அம்மா. விரல் ஒரு தரம் எழுந்தது. அவள் அழுதுவிட்டு, பிறகு சிரித்தாள். "வாய் இருந்தப்பகூட இவன் இவ்வளவு ஒழுங்கா பதில் சொன்னதில்ல."

மூன்றாவது வாரம் டாக்டர், வலி இருக்கிறதா என்று கேட்டார். ஒரு தரம் எழுந்தது. அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

"நாளைக்கும் கேட்டுப் பாப்போம்" என்றார் டாக்டர். "இருக்குன்னா இதையெல்லாம் கழட்டிட்டு முழுசா ஸ்கேன் எடுக்கணும்."

அவன் நினைக்காமலே விளக்கை எரியவிட்டுச் சோதிக்க ஒரு பொத்தான் உண்டு. அது என் சட்டைப் பையில்தான் இருக்கும். மறுநாள் டாக்டர் கேட்டார். விரல் எழுந்து இறங்கியது. நான் பொத்தானை அழுத்தினேன். மறுபடி எழுந்தது.

"இல்லங்கறான்" என்றாள் அம்மா. அன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவன் சொன்னதை நான் ஒருநாளும் தடுக்கவில்லை. அவனுடைய ஒன்றோடு என்னுடைய ஒன்றைச் சேர்த்தேன். பெற்றவள் மனம் நோகாமல் இருக்க இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் சாமி கும்பிட்டு என்ன பயன்?

இப்படி ஏழு மாதம். கடைசி மாதங்களில் சில நாள் அவன் விரலை எழுப்பவே மாட்டான். அன்றைக்கு நான் இரண்டு தரம் அழுத்துவேன். அவன் கண்ணில் நீர் வழியும். சந்தோஷத்தில் அழுகிறான் என்று அம்மா துடைத்துவிடுவாள். வேறு ஆய்வகங்களிலிருந்தும் வந்து பார்த்தார்கள், கைதட்டினார்கள். அதற்காகத்தான் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். யாரும் சொல்லாமலே ஒரு காலையில் அவனுக்கு நகம் வெட்ட உட்கார்ந்தாள். இடைஞ்சலாக இருக்கிறதே என்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அவன் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். "வலிக்குதா தம்பி?" என்று கேட்டாள். எல்லோரிடமும் கேட்பதுதான். அவள் உள்ளங்கையில் விரல் ஒரு தரம் துடித்தது. காத்திருந்தாள். இன்னொன்று வரவில்லை. நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அரைமணி நேரம் அதே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாளாம்.

அன்றே எடுத்த ஸ்கேனில், இடுப்பெலும்பு உடைந்திருந்தது தெரிந்தது. விழுந்த அன்றே உடைந்தது. தினம் நான்கு முறை அவனைப் புரட்டிப் படுக்கவைப்போம். ஒவ்வொரு முறையும் எலும்பும் எலும்பும் உரசியிருக்கும் என்றார் டாக்டர். ஏழு மாதத்தில் ஒரு வலி மாத்திரைகூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இல்லை என்றுதானே அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆமாம், அழுத்தியது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று அம்மா அவனிடம் கேட்டாளாம்: "அண்ணன் மேல கோபமாடா?" நர்ஸ் கையைப் பிடித்திருந்தாள். ஒரு தரம் துடித்ததாம். அடுத்ததற்காக அம்மா சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம்.

என் தம்பியை எனக்குத் தெரியும் ஐயா. இரண்டாவது தரம் தூக்க அவனுக்குத் தெம்பு இருந்திருக்காது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் உதவியிருப்பேன்.