தலைப்பு எழுதாத கட்டம்

பூனைக்கு முதுகில் தடவுவதைவிடத் தாடைக்குக் கீழே சொறிந்துவிட்டால்தான் பிடிக்கும். பிராணி வைத்தியம் படித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரம்மா. ஆனால் எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது நான்தான், என் மகள் இல்லை. அதனால் எனக்குப் பூனை என்றாலே ஆகாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

நேற்று என்னைக் கிளினிக்குக்கு வரச் சொல்லி, என் நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க சார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அப்புறம் நான் சொல்லிடுவேன்" என்றீர்கள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னீர்கள். நானும் அதே மரியாதையோடு எழுதுகிறேன். அவளிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தொரு வருஷம் நான் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தேன். தடுப்பூசி மருந்துகள் கெடாமல் குளிரில் வைத்துக் காப்பது என் பொறுப்பு. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை குளிர்ப்பெட்டியின் டிகிரியைப் பார்த்து நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாவிட்டால் நீ பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம் என்று எங்கள் அதிகாரி காய்ச்சி எடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் குளிர், என் ரத்த அழுத்தம், மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, எல்லாவற்றையும் எழுதினேன். "நான் எத்தனை தடவை தும்மினேன்னு எழுதிட்டீங்களாப்பா?" என்று மகள் கிண்டலடிப்பாள்.

அவள் தண்ணீர் சுத்திகரிப்பு இன்ஜினியர் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் என்று அளந்து கலப்பது அவள் வேலை. ஒரு துளி கூடினாலும் ஊர் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், குறைந்தாலும் அதே கதி. அளவில் அவளை மிஞ்ச ஆளில்லை. முப்பத்தாறு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள், அதனால் நான் அதிகம் எடுத்ததில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் எடுத்ததே இல்லை. என் மனைவி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மறு வருஷம் பிளான்ட்டுக்குப் பின்னால் ஒரு குழாய்க்குள் கிடந்த குட்டியை மகள் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். வாலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போய்க் குற்றம் கண்டுபிடிப்பதுபோல் பார்க்கும். அதனால் மேனேஜர் என்று பேர் வைத்தோம். பத்து வருஷம் மூன்று பேராக இருந்தோம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருஷம் ஒரு மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே அவள் சொன்னாள்.

"வெளிநாட்ல புது பிளான்ட்டுப்பா. பதினெட்டு மாசம். நான்தான் தலைமை."

"ரொம்ப சந்தோஷம் கண்ணு. போய்ட்டு வா" என்றேன். வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை.

கம்பெனி கொடுத்த தாளை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். தற்காலிக வேலைக்குப் போகிறவர்கள் யாரையெல்லாம் கூட அழைத்துப்போகலாம் என்று அதில் ஒரு பட்டியல். கணவன் அல்லது மனைவி. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். வளர்ப்புப் பிராணி, இரண்டு வரை. அதோடு பட்டியல் முடிந்துவிட்டது. "பாத்தீங்களா கூத்த. மேனேஜருக்கு இடம் இருக்கு, உங்களுக்குத்தான் இல்ல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாள், நல்ல பெண்.

மறுநாள் அவளே யோசனை மாறி வந்தாள். "பிளேன்ல அது பயந்துடும்ப்பா. நீங்களே வச்சுக்கறீங்களா? உங்களுக்கும் ஒரு துணை." தன் இடத்தில் ஒரு பூனையை உட்கார வைத்துவிட்டுப் போகப் பார்த்தாள். ஒரு கிண்ணத்தில் சாப்பாடு, ஒரு தட்டில் மண், பக்கத்தில் அப்பா. எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆனால் நான் இருமினேன். "இப்பல்லாம் பூனை முடி எனக்கு ஒத்துக்கல கண்ணு. மூச்சு வாங்குது" என்றேன். முந்தின நாள்வரை அது என் மடியில்தான் தூங்கியது. அவள் உடனே நம்பினாள். அன்றிலிருந்து என் அறைக் கதவு சாத்தியே இருந்தது. காலையில் அது வந்து கதவைப் பிறாண்டும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். என்ன செய்வது.

மேனேஜர் போக முடியாவிட்டால் அவளும் போக மாட்டாள். அது என்னிடமும் இருக்க முடியாது. இதுதான் நான் போட்ட கணக்கு, இதில் யாருக்கும் ஒரு கேடும் இல்லை.

நீங்கள்தான் எல்லாம் செய்துகொடுத்தீர்கள். தோலுக்குள் அடையாளச் சில்லு, அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ரத்தப் பரிசோதனை. கூடத்தில் பயணப்பெட்டியைத் திறந்துவைத்து, தன் பழைய சட்டையை அதில் விரித்து, மேனேஜரை அதற்குள் தூங்கப் பழக்கினாள் மகள். கடைசியாக, புறப்படுவதற்குப் பத்து நாளைக்குள் பூனை பயணம் செய்யும் நிலையில் இருக்கிறது என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உங்கள் கிளினிக்கில் காத்திருந்தபோது, பூனைக்கு எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று ஒரு தாள் மாட்டியிருந்தீர்களே, அதில் முதல் வரி வெங்காயம். பச்சையாகவும் கூடாது, வேகவைத்தும் கூடாது, தூளாகவும் கூடாது, ரத்தம் கெட்டுவிடும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்து அனுப்பினீர்கள்.

மேனேஜருக்கென்று தனி நோட்டு போட்டேன். தேதி, எடை, சாப்பாடு, சிறுநீர் என்று நான்கு கட்டம். ஐந்தாவதாக ஒரு கட்டம் கோடு போட்டேன், அதற்குத் தலைப்பு எழுதவில்லை. அதில் அரை என்று எழுதினால் அரைச் சிட்டிகை, ஒன்று என்றால் ஒரு சிட்டிகை. டப்பா மீனோடு பிசைந்தால் தெரியாது. ஒன்பதாம் நாள் அது பெட்டிக்குள்ளேயே படுத்துக்கிடந்தது. வாலைத் தூக்கவில்லை. ஈறு வெளுத்துப்போயிருந்தது. நீங்கள் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த நிலைமைல பிளேன்ல ஏத்த முடியாதும்மா. உயிருக்கே ஆபத்து" என்றீர்கள். மகள் கெஞ்சினாள். நீங்கள் அசையவில்லை. அந்த நேர்மைக்காக உங்களிடம் எனக்கு மரியாதை உண்டு.

கம்பெனி மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறொருவரை அனுப்பியது. அவள் பூனைப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சிரிஞ்சில் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தாள். "போகட்டும்ப்பா. வேலை எப்ப வேணா கெடைக்கும்" என்றாள். நான் அன்றே நிறுத்திவிட்டேன். நோட்டைப் பாருங்கள், அதன் பிறகு ஐந்து மாதம் ஐந்தாவது கட்டம் வெறுமையாக இருக்கிறது. நான் கொடுமைக்காரன் இல்லை என்பதற்கு அந்த வெற்றுக் கட்டங்களே போதும். மேனேஜர் தேறியது, எடை கூடியது, திரும்பவும் அறை அறையாகப் போய் எங்களிடம் குற்றம் கண்டுபிடித்தது. வீடு பழையபடி ஆனது.

அங்கே போனவருக்கு வேலை பிடிபடவில்லை. பாதியில் திரும்பிவிட்டார். கம்பெனி மறுபடியும் இவளைக் கூப்பிட்டது, இந்தத் தடவை இரண்டு வருஷம். சில்லு, ஊசி, பரிசோதனை எல்லாம் செல்லுபடியாகும், உங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள். என் மனைவி போன பிறகு அவள் பாடி நான் கேட்டதில்லை. வீட்டை விட்டுப் போவதற்கா இவ்வளவு பாட்டு என்று எனக்கு ஆறவேயில்லை.

மூன்று நாள் யோசித்தேன். அதே நோய் இரண்டாம் தடவை வந்தால் நீங்கள் சும்மா விட மாட்டீர்கள், துருவுவீர்கள். தானாகச் செத்தாலும் பிரயோஜனம் இல்லை. அழுதுவிட்டு, கை வீசிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அது அவள் கையால் நடந்தது என்று அவளே நினைக்க வேண்டும், அப்போதுதான் அவள் எங்கும் போக மாட்டாள்.

மேனேஜருக்குப் பசி குறைகிற அளவுக்கு முதலில் கொஞ்சம் கொடுத்தேன். சாப்பிட மாட்டேன் என்கிறதே என்று அவள் பதறிப்போய்க் கோழியை வெறும் தண்ணீரில் வேகவைத்து அந்தச் சாற்றைக் கொடுத்தாள். அதையும் முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அலமாரியில் சூப்புத் தூள் பொட்டலம் ஒன்று இருந்தது. நான் வாங்கி, அவள் கண்ணில் படும் உயரத்தில் வைத்தது. வாசனைக்காவது குடிக்கட்டும் என்று அவள் அதில் கால் கரண்டி எடுத்துச் சாற்றில் கலந்தாள். அவள் போன் பேசப் போனபோது மிச்சத்தை நான் கலந்தேன். சூப்புத் தூள் இல்லை, என்னுடையது. நான்கு நாள் அப்படிக் குடித்தது. ஐந்தாவது கட்டத்தில் மூன்று, மூன்று, நான்கு, ஐந்து என்று இருக்கிறதே, அதுதான்.

நீங்கள் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது வெங்காயம் எதுவும் கொடுத்தீங்களா?" என்று கேட்டபோது அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தாள். ஆறாவது பொருள் வெங்காயத்தூள்.

"நான்தான்ப்பா. நானே ஊட்டி விட்டுட்டேன்ப்பா."

"தெரியாமதானே நடந்துச்சு கண்ணு. விடு" என்றேன்.

அந்தக் கால் கரண்டியால் இவ்வளவு கெடுதல் வந்திருக்காது என்று உங்களுக்கு அன்றே பொறி தட்டியிருக்க வேண்டும். அதோடு, உங்களுக்கு உதவட்டும் என்று அவளே என் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். "எங்கப்பா ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கார் டாக்டர்" என்று அந்த நிலைமையிலும் பெருமையாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். திருப்பிக் கேட்க முடியுமா? மேனேஜர் இரண்டு தடவையும் படுத்தது, ஐந்தாவது கட்டம் நிரம்பிய நாட்களில்தான் என்று நீங்கள் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. ஏன் சார் எழுதினீங்க, எழுதாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று நேற்று கேட்டீர்கள். அளந்து கொடுத்ததை எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது, டாக்டரம்மா. வேறு காரணம் ஒன்றுமில்லை.

மேனேஜர் செத்த பிறகு வெளிநாட்டு வேலையை அவள் எழுதிக் கொடுத்து மறுத்துவிட்டாள். பிளான்ட்டில் குளோரின் கலக்கும் பொறுப்பும் தனக்கு வேண்டாம் என்று கேட்டுக் காகித வேலைக்கு மாறிக்கொண்டாள். ஒரு அளவை நான்கு தடவை பார்க்கிறாளாம், அப்படியும் நம்பிக்கை வரவில்லையாம். என் மாத்திரையைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, "இது சரியாப்பா? நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்கிறாள். போகப் போகச் சரியாகிவிடும். ஐந்தரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். சேர்ந்து சாப்பிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொல்லத்தான் போகிறீர்கள். சொல்லுங்கள். ஆனால் ஒன்று யோசியுங்கள். இப்போது அவளுக்குப் போனது ஒரு பூனை. நீங்கள் வாயைத் திறந்தால் அப்பாவும் போய்விடுவார். அந்தப் பாவத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

மேனேஜரைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவள் கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் படுத்ததே இல்லை. "உங்கள விட்டுட்டு எங்கயும் போகலப்பா" என்றாள். நான் அவள் முடியைக் கோதிக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. முதல் தடவை நான் ஒரு சிட்டிகையோடு நிறுத்தியதுதான் தப்பு, டாக்டரம்மா. அப்போதே முழுதாகச் செய்திருந்தால், பாவம், குழந்தைக்கு அந்த ஐந்து மாத வீண் ஆசையாவது இல்லாமல் போயிருக்கும்.