பத்தொம்பதாவது மணி

மன்னிச்சேன், மன்னிச்சேன், எந்திரி. வெளிய செஞ்ச தப்பு, மனசுக்குள்ள நினைச்ச தப்பு, எல்லாத்தையும் மன்னிச்சாச்சு. பெருநாளன்னிக்கு ஒருத்தரை ஒருத்தர் மன்னிப்புக் கேக்குறது ஊர் வழக்கம்தான், அதுக்கு ஒரு தடவை கேட்டாப் போதும் துமினி. அந்த ஸ்டூல்ல உக்காரு. நீ குடுத்த நோட்டுப் புத்தகமா? நீ கை கழுவப் போனப்பவே பத்திரமா உள்ள வெச்சிட்டேன். அதையே நினைச்சுக்கிட்டு இருக்காத, டீயைக் குடி. நீ கொண்டாந்த அரிசி வத்தல் நல்லா இருக்கு. சுரபாயாவுல இப்ப எவன் இப்படிப் பொரிக்கிறான்?

உன் புருஷன் கர்மிதிக்கு ஜெயில்ல இதெல்லாம் குடுக்க விடுறாங்களா? ம்? எளைச்சுட்டானா? நல்லதுதான் விடு. இங்க இருந்தப்ப தொப்பையால முட்டித்தான் அடுப்புக் கதவையே சாத்துவான்.

எது, அந்த எரைச்சலா? அடுப்புதான், லேபுல சரக்கு டெஸ்ட் பண்ற கரண்ட் அடுப்பு. எல்லாரும் ஊருக்குப் போயிட்டானுங்க, சும்மா கெடக்கேன்னு ஒரு சின்ன சாம்பிள் போட்டிருக்கேன். நூத்தி அம்பது காட்டுது பாரு, அந்தச் செவப்பு நம்பர்.

உன் புருஷன் பன்னெண்டு வருஷம் இதுகிட்ட என்ன பண்ணான்னு தெரியுமா உனக்கு? தெரியாதா! நல்ல பொண்டாட்டி போ. சரி கேளு. தேங்காத்தொட்டிக் கரி இருக்குல்ல, அரபு நாட்டுக்கு ஹூக்காவுக்குப் போறது, அதுக்கு யாரும் நெருப்பு வைக்க வேணாம். குவிச்சு வெச்சா தன்னால உள்ளுக்குள்ள சூடேறும், ஒரு நாள் தானே பத்திக்கும். அதான் கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி, கையளவு கம்பிவலைப் பெட்டியில கரியை நெரப்பி நூத்தி நாப்பதுல இந்த அடுப்புக்குள்ள வெக்கிறது. இருபத்திநாலு மணி நேரம். கரிக்கு நடுவுல சூடு எரநூறைத் தாண்டுச்சுன்னா அந்தச் சரக்குக்குச் சர்டிபிகேட் கெடையாது. அவ்ளோதான் சங்கதி. ஒருத்தன் உக்காந்து நம்பரைப் பாத்துக்கிட்டே இருக்கணும். வேற எதுக்கு லாயக்கு அவன்?

நூத்தி எம்பத்தஞ்சு. பரவால்ல, வேகமாத்தான் ஏறுது.

போன வருஷம் பெருநாள் லீவுக்கு முந்தின சாயங்காலம், நாலு மணிக்குக் கரியை உள்ள வெச்சான். மறுநாள் நாலுக்குத்தான் முடியணும். ஆனா சுங்க ஆபீஸ் அந்த மறுநாள் பகல் பன்னெண்டுக்குப் பூட்டினான்னா பத்து நாள் கழிச்சுத்தான் திறப்பான். கரி முதலாளி போன் மேல போன் போடுறான். ஊரே மூட்டை கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுது. கர்மிதி பதினோரு மணிக்கு அடுப்பை அணைச்சுட்டு, இருபத்திநாலு மணி நேரம் ஆச்சு, சரக்கு சுத்தம்னு எழுதிட்டான். கப்பல் போச்சு, நடுக்கடல்ல பத்திக்கிச்சு. மூணு பேர். அதுல ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆகி நாப்பது நாள்தான். கோர்ட்ல நான் இதைத்தானே சொன்னேன்? நான் விடியக்காலையே ஊருக்குப் போக மாதியூன் பஸ் ஏறிட்டேன், இங்க அவன் மட்டும்தான் இருந்தான்னு சொன்னேன்.

அழாத. வியாழக்கிழமைதானே தீர்ப்பு, அன்னிக்கு அழுதுக்கலாம்.

அவன் கெஞ்சுன கெஞ்சு இருக்கே, இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது. எரநூத்தி ஆறு சார், எரநூத்தி ஆறு சார்னு கத்திக்கிட்டு, அடுப்பை மறைச்சுக் கையை விரிச்சுக்கிட்டு நின்னான். பத்தொம்பதாவது மணி. அந்தத் தொப்பையைத் தள்ளிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொட வேண்டியதாப் போச்சு.

என்ன அப்படிப் பாக்குற? ஆமா, இருந்தேன். அணைச்சது நான், எழுதினதும் நான். கையெழுத்து மட்டும்தான் அவன். உனக்கு வேலை வேணுமா வேணாமான்னு கேட்டேன், போட்டுட்டான். போய்ச் சொல்லு, யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு. ஜெயில்ல கெடக்குறவன் பொண்டாட்டி வேற என்ன சொல்லுவான்னு சிரிப்பானுங்க.

ஒரு வருஷமா எனக்கு ஒரே பயம், துமினி. அந்த மூணு பேரை நினைச்சு இல்ல. கர்மிதி மணிக்கு மணி என்ன சூடுன்னு தனியா ஒரு நோட்டுல எழுதி, யார் யார் உள்ள வந்தாங்கன்னும் குறிச்சு வெப்பான். அது எங்கடா போச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல. போலீசு தேடிச்சு, கெடைக்கல. உன் அரிசிப் பானைக்குள்ள இருந்திருக்கு! வக்கீலைத் தவிர யார்கிட்டயும் குடுக்காதன்னு அவன் சொன்னானாமே, ஏன்னு மட்டும் சொல்லலையாமே? நீயேதான் இப்ப சொன்ன. ஆனா சார் பெரியவரு, பெருநாளும் அதுவுமா முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டா அவரே ஜட்ஜுகிட்ட குடுத்துப் பேசுவாருன்னு நம்பி வந்த பாரு. என் கையைக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மரியாதையா ரெண்டு கையாலயும் நீட்டுன பாரு. நான் கேக்கக்கூட இல்லையே, துமினி.

எரநூத்தி இருபத்தெட்டு.

இந்த அடுப்பு முந்நூறு வரைக்கும் போகும். கரிக்கு மாதிரியே காகிதத்துக்கும் ஒரு சூடு உண்டு, அதைத் தாண்டிட்டா தீக்குச்சியே வேணாம். சரியா எத்தனையில பத்துதுன்னு நானும் இன்னிக்குத்தான் பாக்கப் போறேன். வாசனை வருதா? உனக்கும் வந்துடுச்சா?

கதவைத் தொடாத, கை வெந்துடும். சொல்றேன்ல, விடு. உக்காரு, டீ அப்படியே இருக்கு. அட, மறந்தே போச்சு பாரு. நீ வந்ததும் கேட்டுட்ட, பதிலுக்கு நான்தான் இன்னும் கேக்கல. வெளிய செஞ்சது, மனசுக்குள்ள நினைச்சது, என் தப்பு எதுவா இருந்தாலும் மன்னிச்சுடும்மா.